புகைபோக்கியில் வரைந்த கோடு

லோடு டெஸ்டுக்கு எந்த டூல் நல்லது? எங்கள் தொழிலில் இந்தக் கேள்வியைக் கேட்டால் போதும், ஆளுக்கொரு கட்சி கட்டிவிடுவார்கள். ஜேமீட்டர் 1998-இல் வந்தது, கிழவனாகிவிட்டது, மெமரியைத் தின்கிறது என்பார் ஒருவர். கே6 வந்த பிறகு வேறு எதையும் தொடுவதில்லை என்பார் இன்னொருவர். பைத்தான் பிள்ளைகள் லோகஸ்ட் பக்கம். ஸ்காலா கற்றவர்கள் கேட்லிங் பக்கம். பழைய ஆட்கள் அப்பாச்சியோடு இலவசமாக வரும் ஏபி-யை ஒரே வரியில் ஓட்டிவிட்டு, "இதுக்கு மேல என்னப்பா வேணும்?" என்று கேட்பார்கள்.

இந்தச் சண்டை முழுக்க வெத்து என்பதுதான் என் கட்சி. டூல்களுக்குள் வித்தியாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது. ஆனால் நாம் சண்டை போடுகிற வித்தியாசங்கள் வேறு, உண்மையில் முக்கியமான வித்தியாசம் வேறு. எந்த மொழியில் ஸ்கிரிப்ட் எழுதலாம், கிராஃப் எவ்வளவு அழகாக வரும், லைசன்ஸ் என்ன விலை என்று பேசிப் பேசியே ஒரே ஒரு கேள்வியைத் தள்ளிப் போடுகிறோம்: இந்த டூல் உருவாக்கும் போலி ஆட்கள், நிஜ ஆட்கள் மாதிரி நடந்துகொள்கிறார்களா?

"இலக்கியப் பத்திரிகையில இதெல்லாம் எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். லோடு டெஸ்ட் ஸ்கிரிப்ட் என்பது ஒரு கதை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். பத்தாயிரம் பேர் வருகிறார்கள், லாகின் செய்கிறார்கள், ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பணம் கட்டுகிறார்கள், போகிறார்கள். கதாபாத்திரம், செயல், முடிவு எல்லாம் இருக்கிறது. இந்தக் கதையை வாசித்துவிட்டுத்தான் ஒரு மேலாளர் 'தயார்' என்று கையெழுத்துப் போடுகிறார். மனிதர்களைத் தெரியாமல் எழுதிய சிறுகதையை நாம் எப்படிக் கிழிக்கிறோம்? இந்தக் கதையை மட்டும் யாரும் கிழிப்பதில்லை. கெட்ட சிறுகதையால் யாருக்கும் டிக்கெட் போகாது, தடுப்பூசி போகாது, ஞாயிற்றுக்கிழமை போகாது. கெட்ட லோடு டெஸ்டால் போகும்.

அந்தப் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்கிறேன். தேக்கா சந்தைக் கீழ்த்தளத்தில் ஒரு பிரியாணிக் கடை. மதிய நேரக் கூட்டத்தை அந்தக் கடை தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கு நீங்கள் உங்கள் தம்பியை அனுப்புகிறீர்கள். போ, ஒரு பொட்டலம் வாங்கு, கையில் வந்ததும் மறுபடி வரிசையில் நின்று அடுத்ததை வாங்கு, எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள். தம்பி சமர்த்து, செய்கிறான். நடுவில் சோறு தீர்ந்துபோய் அடுத்த அண்டா வர இருபது நிமிடம் ஆகிறது. தம்பி நிற்கிறான். அண்டா வந்ததும் வாங்கிக்கொண்டு திரும்பவும் வரிசைக்குப் போகிறான். சாயங்காலம் நோட்டைப் பார்த்தால் 'நாற்பது முறை வாங்கினேன், ஒரே ஒரு முறைதான் தாமதம்' என்று இருக்கும். நல்ல கடை!

அந்த இருபது நிமிடத்தில் எம்ஆர்டி-யிலிருந்து ஏறி வந்துகொண்டே இருந்தவர்கள் எங்கே? தம்பியின் நோட்டில் அவர்கள் இல்லை. கடை நின்றபோது தம்பியும் நின்றுவிட்டான். கூட்டம் நிற்கவில்லை.

ஜேமீட்டரின் வழக்கமான திரெட் குரூப், ஏபி, லோகஸ்ட் எல்லாம் இயல்பில் இந்தத் தம்பிதான். பதில் வந்தால்தான் அடுத்த கோரிக்கை. நூறு போலி ஆட்களை வைத்தாலும் சர்வர் உறைந்தவுடன் நூறு பேரும் கையைக் கட்டி நிற்பார்கள், புதிதாக ஒருவரும் வரமாட்டார். இதை மூடிய மாதிரி என்பார்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் விநாடிக்கு இத்தனை பேர் வந்துகொண்டே இருப்பார்கள் என்பது திறந்த மாதிரி. பியான்கா ஷ்ரோடர், ஆடம் வீர்மன், மோர் ஹார்கோல்-பால்டர் மூவரும் 2006-இலேயே கட்டுரை எழுதி எச்சரித்துவிட்டார்கள்: ஒரே சர்வரை இந்த இரண்டு மாதிரிகளிலும் சோதித்தால் கிடைக்கும் முடிவுகள் மலைக்கும் மடுவுக்கும். மெதுவாகும்போது அளப்பவனும் சேர்ந்து மெதுவாகி உண்மையை விட்டுவிடும் இந்தக் கோளாறுக்கு கில் டெனே என்ற பொறியாளர் ஒரு பெயரும் வைத்தார்: கோஆர்டினேட்டட் ஒமிஷன். தமிழில் சொன்னால், பேசி வைத்துக்கொண்டு விட்டுவிடுதல். குற்றவாளியும் சாட்சியும் ஒரே வண்டியில் வந்து இறங்குகிற மாதிரி.

கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு நிமிடச் சோதனை. சர்வர் சாதாரணமாக 100 மில்லிவிநாடியில் பதில் தரும். நடுவில் 20 விநாடி உறைந்துவிடுகிறது. மூடிய மாதிரியில் ஒரு போலி ஆள், நல்ல 40 விநாடியில் 400 கோரிக்கை அனுப்புகிறார். உறைந்த நேரத்தில் ஒன்றே ஒன்று. மொத்தம் 401. சராசரி சுமார் 150 மில்லிவிநாடி. 100-க்கு 99 கோரிக்கைகள் 100 மில்லிவிநாடியில் முடிந்தன. கைதட்டல்.

அதே நிமிடம், திறந்த மாதிரி. விநாடிக்கு 10 பேர், மொத்தம் 600 பேர். இவர்களில் 200 பேர் உறைந்த நேரத்தில் வந்து மாட்டுகிறார்கள். உறைவு நீங்கிய கணமே அத்தனை பேருக்கும் பதில் கிடைத்துவிடுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அந்த 200 பேர் சராசரியாகப் பத்து விநாடி காத்திருக்கிறார்கள். ஒட்டுமொத்தச் சராசரி 3.4 விநாடி. மிக அதிகம் காத்த ஒரு சதவீதத்தினர் 19 விநாடிக்கு மேல். அதே சர்வர், அதே உறைவு. ஒரு அறிக்கையில் நூற்றில் ஒருவருக்குக்கூடப் பிரச்சினை இல்லை, இன்னொன்றில் மூன்றில் ஒருவர் நடுத்தெருவில்.

ஆகவே டூல் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். காத்திருக்காத மனிதரை இந்த டூலால் கற்பனை செய்ய முடியுமா? வர்க்2, வெஜிட்டா இரண்டும் இதற்காகவே நிலையான வேகத்தில் அடிக்கும். கேட்லிங்கில் திறந்ததா மூடியதா என்று நீங்களே சொல்லியாக வேண்டும். கே6-இல் வருகை வேகத்தை நிர்ணயிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் பாதிப் பேர் முதல் பக்க உதாரணத்தைக் காப்பியடித்து மூடிய மாதிரியிலேயே ஓட்டுகிறார்கள். கிழவன் என்று நாம் கேலி செய்யும் ஜேமீட்டரும் 2022-இல் வந்த 5.5 பதிப்பில் திறந்த மாதிரியைச் சேர்த்துக்கொண்டது. நவீன டூலை வைத்துப் பழைய பொய்யைச் சொல்லலாம், பழைய டூலை வைத்து உண்மையைச் சொல்லலாம். எது புதுசு என்ற சண்டையை நான் வெத்து என்பது இதனால்தான்.

இன்னொரு பொய், சராசரி. வேலையில் நான் உட்கார்ந்த ஒரு கூட்டத்தில் 'சராசரி 180 மில்லிவிநாடி' என்று பச்சை எழுத்தில் ஒரு சிலைடு வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். "நடுவுல எத்தனை பேர் விட்டுட்டுப் போனாங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் ரிப்போர்ட்ல வராது ப்ரோ" என்றார்கள். வராதுதான். விட்டுவிட்டுப் போனவருக்குப் பதில் நேரமே கிடையாது, அதனால் சராசரியில் அவர் சேரமாட்டார். சர்வர் எவ்வளவு பேரைத் துரத்துகிறதோ அவ்வளவு நன்றாகச் சராசரி தெரியும். தோற்கும் பிள்ளைகளைப் பரீட்சை எழுதவிடாமல் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும் பள்ளிகளை ஊரில் பார்த்திருப்பீர்கள், இல்லையா? அதே கணக்கு.

இனி டியூனிங். இங்கே நடப்பது இன்னும் வேடிக்கை. சர்வர் திணறினால் முதலில் என்ன செய்வார்கள்? என்ஜின்எக்ஸ் கோப்பைத் திறந்து வொர்க்கர் கனெக்‌ஷன் 1024 என்றிருப்பதைப் பத்தாயிரம் ஆக்குவார்கள். பிறகு லினக்ஸ் கெர்னலில் காத்திருப்போர் வரிசையின் நீளத்தைக் கூட்டுவார்கள். எங்கேயோ படித்த நாலு வரியை ஒட்டுவார்கள். பின்னால் இருக்கிற போஸ்ட்கிரெஸ் மட்டும் இயல்பான 100 இணைப்புகளோடு அப்படியே இருக்கும். கடை வாசலை அகலமாக்கிவிட்டு அடுப்பை அப்படியே விட்டது போல. முன்பு வாசலில் நெரிசல். இப்போது உள்ளே வந்து நெரிசல், அவ்வளவுதான்.

இதற்கு மந்திரம் ஒன்றும் தேவையில்லை, ஒரு பெருக்கல் போதும். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது: உள்ளே இருப்பவர்கள் எண்ணிக்கை என்பது வருகை வேகத்தை, ஒருவர் உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கியது. விநாடிக்கு 200 பேர், ஆளுக்கு அரை விநாடி என்றால் எந்தக் கணத்திலும் 100 பேர் உள்ளே. தரவுத்தளம் மெதுவாகி ஆளுக்கு 2 விநாடி ஆனால் 400 பேர். கூட்டம் ஒரு ஆள்கூடக் கூடவில்லை, ஆனால் உள்ளே நாலு மடங்கு. இந்தப் பெருக்கலைப் போடாமல் கோப்பைத் திறப்பவர் டியூனிங் செய்யவில்லை, தாயம் உருட்டுகிறார்.

சர்வரை 90 சதவீதம் 'பயன்படுத்துகிறோம்' என்று பெருமை அடிப்பவர்களும் உண்டு. ஒரே கவுன்ட்டர், ஆட்கள் முன்னே பின்னே வருகிறார்கள் என்று எளிமையாக வைத்துக்கொண்டால், கவுன்ட்டர் பாதி நேரம் வேலையாக இருக்கும்போது ஒருவருக்கு ஆகும் நேரம், வரிசையே இல்லாதபோது ஆவதைப் போல 2 மடங்கு. 80 சதவீதத்தில் 5 மடங்கு. 90-இல் 10. 95-இல் 20. கோபன்ஹேகன் தொலைபேசி இணைப்பகத்துக்காக எர்லாங் என்பவர் 1909-இல் தொடங்கி வைத்த கணக்கின் வாரிசு இது. நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் நாம் 90 சதவீதத்தில் சர்வரை நிறுத்திவிட்டுத் தீபாவளித் தள்ளுபடியை அறிவித்துக்கொண்டிருக்கிறோம்.

எந்த டூலின் கதையிலும் வராத இன்னொரு கதாபாத்திரமும் உண்டு: ரெஃப்ரெஷ் அழுத்துகிறவர். என்ஜின்எக்ஸ், பின்னால் இருக்கும் செயலியின் பதிலுக்கு இயல்பாக 60 விநாடி காத்திருக்கும். மனிதர் காத்திருப்பாரா? ஐந்து விநாடியில் மறுபடி அழுத்துவார். பல அமைப்புகளில் செயலி முதல் கோரிக்கையைக் கைவிடாமல் இன்னும் சமைத்துக்கொண்டிருக்கும். ஒரு நிமிடத்தில் ஒரே மனிதர் பன்னிரண்டு கோரிக்கைகளாகிவிடுகிறார். சர்வர் விழுவது கூட்டத்தால் மட்டுமல்ல, கூட்டத்தின் பதற்றத்தாலும்தான். அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் 'இப்போது முடியாது, ஐந்து நிமிடம் கழித்து வாருங்கள்' என்று உடனே திருப்பி அனுப்புவதுதான் நேர்மையான டியூனிங். அறுபது விநாடி சுற்றவிட்டுப் பிழை காட்டுவதைவிட இது மரியாதை. ஆனால் இப்படித் திருப்பி அனுப்பியதை அறிக்கையில் 'தோல்வி' என்று சிவப்பில் போட வேண்டியிருக்கும். சிவப்பு யாருக்குப் பிடிக்கும்?

இதெல்லாம் புத்தகக் கணக்கு என்று நினைத்தால், ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2016 ஆகஸ்ட் 9, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவு. நாடு முழுக்க ஒரே ராத்திரியில் இணையத்தில் படிவம் நிரப்ப வேண்டும். மணிக்குப் பத்து லட்சம் படிவங்களைத் தாங்கும், எதிர்பார்ப்பதைப் போல இரண்டு மடங்கு என்று முன்கூட்டியே சொன்னார்கள். லோடு டெஸ்ட் செய்துதான் சொன்னார்கள். அன்று மாலையே தளத்தை இழுத்து மூடினார்கள், திரும்பத் திறக்கச் சுமார் 40 மணி நேரம். படிவங்களின் சுமை அதை வீழ்த்தவில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு தாக்குதல், அதுவும் அப்படியொன்றும் பெரிதல்ல. அது வந்த வழி சிங்கப்பூர் இணைப்பு ஒன்று, அதை மூடாமல் விட்டார்கள் என்று ஐபிஎம் இணைப்பு நிறுவனங்களைக் கைகாட்டியது, அவர்கள் ஐபிஎம்மைக் கைகாட்டினார்கள். இதற்கிடையே அணைத்துப் போட்ட ரூட்டர் ஒன்று எழுந்திருக்கவில்லை. முன்பே ஒருமுறை அந்த ரூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும் என்று ஐபிஎம் தரப்பே செனட் விசாரணையில் ஒப்புக்கொண்டது. பத்து லட்சம் போலி ஆட்களை உருவாக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு சுவிட்சை அணைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

நம் ஊர்க் கதைக்கும் இதே சாயல். 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. ஒரு டேட்டா சென்டரில் குளிரூட்டல் கெட்டது. டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டும் படுத்தன. சுமார் 25 லட்சம் பணப் பரிமாற்றங்கள் முடியவில்லை, சுமார் 8,10,000 முறை உள்ளே நுழையும் முயற்சிகள் தோற்றன என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. தீபாவளிக்கு நாலு வாரம் முந்தைய சனிக்கிழமை அது. சிராங்கூன் ரோட்டில் கடைக்காரர்களும் வாங்க வந்தவர்களும் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாற்று டேட்டா சென்டர் இல்லாமலா? இருந்தது. டிபிஎஸ்ஸில் நெட்வொர்க் அமைப்பில் இருந்த பிழை, மாறவிடாமல் தடுத்தது. மாற்று ஏற்பாடு இருக்கிறது என்பது வேறு, அது ஓடும் என்று ஓட்டிப் பார்த்திருப்பது வேறு. நாணய ஆணையம் அந்த வங்கியின் அவசரமில்லாத மாற்றங்களுக்கு ஆறு மாதத் தடை போட்டது.

மூன்றாவது, கோவின். 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தடுப்பூசிப் பதிவு இந்தியாவில் திறந்தது. திறந்த சில நிமிடங்களில் பக்கம் வரவில்லை, ஓடிபி வரவில்லை என்று நாடே புலம்பியது. தளம் விழவில்லை என்றது அரசுத் தரப்பு. விநாடிக்கு 55,000 கோரிக்கைகள் வருகின்றன என்ற எண்ணைப் பெருமையாகச் சொன்னார்கள். அன்று 1.3 கோடிக்கும் மேல் பதிவானார்கள். பொறியியலாகப் பார்த்தால் சின்ன விஷயம் இல்லை, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பதிவு செய்தவர் தேடி வந்தது பதிவை அல்ல, ஊசியை. உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் தேதியே இல்லை, ஏனென்றால் மாநிலங்களிடம் மருந்தே இல்லை. எந்த எண்ணை அளக்கிறோம் என்பதே ஒரு அரசியல் முடிவு. கோரிக்கையை எண்ணினால் வெற்றி. கையில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவரை எண்ணினால் வேறு விடை.

பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்த எவருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. அறுபது நாள் முன்பு, காலை சரியாக 8 மணி. 7:59-க்கு யாரும் இல்லை, 8:00-க்கு எல்லாரும். சில நிமிடங்களில் நெல்லை, பாண்டியன், பொதிகை எல்லாம் காத்திருப்போர் பட்டியல். ஆனால் லோடு டெஸ்ட் ஸ்கிரிப்ட்களைத் திறந்து பாருங்கள். போலி ஆட்கள் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கூடுவார்கள். ரேம்ப்-அப் என்பார்கள். கல்யாண வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிற மாதிரி. எட்டு மணி கூட்டம் அணை உடைந்த மாதிரி வரும். ரேம்ப்-அப் வைத்து எழுதியவர் ஒருமுறைகூடப் பொங்கல் டிக்கெட் எடுத்தவர் இல்லை என்பதுதான் என் சந்தேகம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. போலி ஆளை யார் மாதிரி எழுதுகிறோம்? ஃபைபர் இணைப்பு, புது லேப்டாப், ஆங்கிலம், கையில் கிரெடிட் கார்டு, அவசரமே இல்லை. அதாவது எழுதுகிற நம்மையே எழுதுகிறோம். 2022 ஜூனிலிருந்து, விடுதிகளில் வசிக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போக முன்கூட்டியே செயலியில் அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு 80,000 பேர் என்ற வரம்பு. அப்படியொரு பக்கத்தைச் சோதிப்பவர் தன் கதாபாத்திரத்தை எப்படி எழுத வேண்டும்? புதுக்கோட்டைக்காரர் ஒருவர், இரவு வேலை முடிந்து வந்தவர், விரிசல் விழுந்த ஃபோன், ப்ரீபெய்டு டேட்டா, வாரத்தில் ஒரே நாள் லீவு. ஒரே அறையில் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே வைஃபையில் அழுத்துகிறார்கள். தேக்காவில் பணம் அனுப்ப வேண்டும், மீன் வாங்க வேண்டும், ஊர்க்காரனைப் பார்க்க வேண்டும். பக்கம் விழுந்தால் உங்களுக்கு ஒரு பிழைச்செய்தி. அவருக்கு ஒரு வாரம். உங்கள் 99-வது சதமானத்துக்கு அப்பால் நிற்கிற அந்த ஒருவர் எப்போதும் இவராகத்தான் இருக்கிறார். மெதுவான ஃபோனும் மெதுவான இணைப்பும் ஏழைகள் கையில்தானே இருக்கும்? சராசரியைக் காட்டுவது அவரைக் கணக்கிலிருந்து வெட்டுவது. இதை நான் தொழில்நுட்பக் குறை என்று மட்டும் சொல்லமாட்டேன்.

நான் இருப்பது செம்பவாங்கில். செம்பவாங் பூங்காப் பக்கம் போனால் அருகிலேயே சிப்யார்டு, எதிரே ஜொகூர் நீரிணை. நிற்கிற கப்பல்களின் பக்கவாட்டில், நடுவாக ஒரு வட்டமும் அதை வெட்டும் கோடும், பக்கத்தில் ஏணிப்படி மாதிரி சில கோடுகளும் வரைந்திருக்கும். சுமைக்கோடு. இதற்கு மேல் முங்கினால் சரக்கு அதிகம் என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலாளிகள் ஓட்டைக் கப்பலில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, கனமாகக் காப்பீடும் போட்டு அனுப்பினார்கள். முழுகினாலும் லாபம், மாலுமிகள் மட்டும் செத்தார்கள். சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே பெயர். சாமுவேல் பிலிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் கத்திக் கத்தி 1876-இல் சட்டம் வந்தது: எல்லாக் கப்பலிலும் கோடு இருக்க வேண்டும். ஆனால் கோட்டை எங்கே போடுவது என்பதைக் கப்பல்காரரிடமே விட்டுவிட்டார்கள். கார்டிஃப் துறைமுகத்துக் கேப்டன் ஒருவர் நக்கலாகப் புகைபோக்கியில் வரைந்தாராம். கடல் அதுவரை ஏறாதவரை அவர் சட்டப்படி நல்லவர்! கோட்டின் இடத்தையும் சட்டமே சொல்லும் என்று ஆனது 1890-இல்.

மென்பொருள் உலகம் இன்னும் 1876-இல் நிற்கிறது. லோடு டெஸ்ட் அறிக்கை வேண்டும் என்று டெண்டரில் எழுதுவார்கள். எந்த வருகை மாதிரி, எந்தச் சதமானம், எந்தப் பகுதியை வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தீர்கள் என்று கேட்பதில்லை. கட்டியவரே சோதிக்கிறார், அவரே கோடு வரைகிறார். 'ஒரே நேரத்தில் பத்தாயிரம் பயனர்கள்' என்பது பெரும்பாலும் புகைபோக்கியில் வரைந்த கோடு. அந்தக் கப்பல் கோடுகளில் இன்னொரு பாடமும் உண்டு. ஒரு கப்பலுக்கு ஒரே எல்லை கிடையாது. வெப்பமண்டல நன்னீருக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்கால வட அட்லாண்டிக்குக்கு எல்லாவற்றுக்கும் கீழே ஒன்று. எந்தக் கடல் என்று சொல்லாமல் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியாது என்பது அந்தக் கப்பலைத் தொட்டு வேலை பார்க்கிற வெல்டருக்குத் தெரியும். நமக்குத்தான் சிலைடில் ஒரே எண் வேண்டும்.

எதிர்வாதங்கள் இருக்கின்றன. திறந்த மாதிரியும் முழு உண்மை இல்லை, மனிதர்கள் வெறுத்துப் போய் விலகுவார்கள், முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கமாட்டார்கள் என்பார்கள். சரிதான். அந்த 2006 கட்டுரையே இரண்டுக்கும் நடுவிலான ஒரு மாதிரியைப் பேசுகிறது. அப்படியென்றால் விலகியவர்களை எண்ணுங்கள், அவர்களை வேறு பெயரில் ஒரு வரியாகக் காட்டுங்கள். மறைக்காதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை. குழுவுக்குப் பழக்கமான டூல்தான் நடைமுறைக்கு உகந்தது என்பார்கள். அதுவும் சரி. பழகிய ஜேமீட்டரிலேயே திறந்த மாதிரியில் ஓட்டுங்கள், யார் தடுத்தது? சின்னக் கடைக்கு இவ்வளவு தேவையா என்பார்கள். தேவையில்லை. சின்னக் கடை விழுந்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். அரசுத் தளத்துக்கும் வங்கிக்கும் ரயிலுக்கும் பக்கத்துக் கடை இல்லை. நான் பேசுவது இவர்களைப் பற்றித்தான்.

பொதுமக்கள் பணத்தில் கட்டும் எந்தத் தளமும் திறப்பதற்கு முன் ஒரு பக்கத்தில் சில விஷயங்களை வெளியிட வேண்டும். யார், எப்போது, எவ்வளவு வேகத்தில் வருவார்கள் என்று நினைத்தீர்கள்? அவர்களில் மிக மோசமாகக் காத்திருந்த நூறில் ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார், எத்தனை பேர் விட்டுவிட்டுப் போனார்கள்? எந்தெந்தப் பகுதியை அணைத்துப் பார்த்தீர்கள்? எல்லை தாண்டினால் என்ன சொல்லித் திருப்பி அனுப்புவீர்கள்? ரகசியம் எதுவும் வெளியே போய்விடாது. கப்பல் கோட்டைக் கரையில் நிற்கிற யாரும் பார்க்கலாம், அதனால் எந்தக் கப்பலும் திருட்டுப் போகவில்லை.

அதுவரை அடுத்த முறை யாராவது எந்த டூல் நல்லது என்று உங்களிடம் கேட்டால், பதில் சொல்லாதீர்கள். "உங்க ஸ்கிரிப்ட்ல வர்ற ஆளு, எட்டு மணிக்கு டிக்கெட் கிடைக்கலைன்னா என்ன பண்ணுவான்?" என்று திருப்பிக் கேளுங்கள். சமர்த்தாகக் காத்திருப்பான் என்று சொன்னால், டூலை அல்ல, கதையை மாற்றச் சொல்லுங்கள்.